பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு சம்மதம்

என் டைரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒன்றரை வரிதான் இருக்கிறது: "காலை 10.40. அரியலூர். கூட்டம் தொடங்கியது. பெண்ணின் அப்பா சொன்னது..." அதற்குக் கீழே வெறும் தாள். பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக்கூடக் குறித்து வைப்பவன் நான். அன்றைக்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்பதை இப்போதாவது பதிவு செய்கிறேன்.

அரியலூரில் வேலை பார்க்கும் என் மகன், கூட வேலை பார்க்கும் காது கேளாத பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். பெண்ணின் அப்பாவுக்கும் காது கேட்காது. தையல் கடை வைத்திருக்கிறார். நாங்கள் பெண் கேட்டுப் போனபோது அவர் சைகையில் ஏதோ சொன்னார். மகன் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னான்: "நடுவுல நான் வேணாங்கறாருப்பா. கேக்க வேண்டியத நீங்களே வந்து அவருகிட்ட கேக்கணுமாம்."

பெரம்பலூரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஏழு மாதத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின. வகுப்போடு நின்றுவிடக் கூடாது, காது கேளாதோரின் மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பேசிப் பழக வேண்டும் என்றார் ஆசிரியை. கூட்டம் அரியலூரில். பெண்ணின் அப்பா அதற்குத் தவறாமல் வருகிறவர்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கைகளில் அத்தனை வேகம். ஆனாலும் எனக்குப் புரிந்தது! அந்தச் சந்தோஷத்தில், மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று டைரியைத் திறந்து குனிந்தேன். நிமிர்ந்தபோது அவருடைய கைகள் மடியில் கிடந்தன. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

என்னோடு வகுப்பில் படிக்கும் விக்கிரமங்கலத்து நர்ஸ் பெண் பக்கத்தில் இருந்தாள். "என்ன சார் பண்ணிட்டீங்க? அவரு பேசுறப்ப குனிஞ்சா, காதப் பொத்திக்கிட்ட மாதிரி. மொதல்ல அத மூடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

மூடினேன். மன்னிப்பு கேட்டேன். அவர் கையை நீட்டி டைரியை வாங்கி, தன் நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வட்டமே குலுங்கிச் சிரித்தது.

அதன் பிறகு கண்ணை எடுக்கவில்லை. இரண்டரை மணி நேரம். கண்ணில் நீர் கட்டியது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "உங்க வீட்டுல எல்லாரும் வாயால பேசிச் சிரிக்கிறப்ப, எம்பொண்ணு செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"சாப்பிடும்போதும் கையாலதான் பேசுவோம். என் வீட்டுக்காரியும் கத்துக்கிறா" என்றேன் சைகையில்.

"சாப்பிடுற கையாலயா?"

"இடது கை சும்மாத்தானே இருக்கு?"

சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை வந்து, டைரியைத் திருப்பிக் கொடுத்து, வழியனுப்பினார். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடி இறுகிப் போய்த் திறக்கவே இல்லை. வண்டி நகரும்போது அவர் கூட்டத்துக்கு மேலே கைகளை உயர்த்தினார். வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் அடக்குவது போலக் காட்டினார். பிறகு தட்டு மாற்றிக்கொள்வது போல. ஆவணியில் வாருங்கள் என்றார். என் பின்சீட்டுக்காரர் போனில் "கேக்கல, கேக்கலங்கறேன்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கு இடையே மூடிய கண்ணாடி, ஹாரன், முப்பதடி தூரம். ஒரு சொல்கூடத் தவறவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினேன். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

"யாருக்கு சார் இவ்ளோ பெரிய டாட்டா?" என்றார் கண்டக்டர்.

"எங்க சம்பந்திக்குங்க."

ஆவணியில் தட்டு மாற்றினோம். தையில் கல்யாணம் நடந்தது. ஒரு விவரம் மட்டும் பாக்கி. முந்தைய வாரமே அப்பா சம்மதித்துவிட்டார், உங்களைச் சும்மா சோதித்தார் என்கிறாள் மருமகள். இல்லை, பஸ் நகர்ந்தபோதுதான் முடிவு செய்தேன் என்கிறார் சம்பந்தி. இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்து வைத்தும் விசாரித்துவிட்டேன். எது சரி என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.