வெள்ளைக் கார்டு வைத்திருந்த மாரிசெல்வி

தாராவியில் அந்தச் சந்திலேயே வசதியானவர்களுக்கான வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருந்தது மாரிசெல்வி வீடு மட்டும்தான். கார்டு எடுத்த காலத்தில் அவள் புருஷன் சுயம்புவுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. கம்பெனியை மூடி ஆறு வருஷமாகிறது. இப்போது அவன் திலக் நகரில் வாட்ச்மேன். அவள் பட்டறையில் பைகளுக்கு வார் தைக்கிறாள். ஆனாலும் கார்டை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றி எல்லாரும் ஆரஞ்சுக் கார்டு வைத்திருக்க, தன்னுடையது வெள்ளை என்பதில் அவளுக்கு ஒரு கெத்து.

அந்தக் கெத்து ஒரு பல் முகாமோடு போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர், அவள் மகள் விஜயலட்சுமிக்கும் அடுத்த வீட்டு நஸீராவின் மகள் சஃப்ரீனுக்கும் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் சொத்தை என்றார். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே வயது. வேர் வரை சுத்தம் செய்து மேலே கேப் போட வேண்டும். மஞ்சள், ஆரஞ்சுக் கார்டு என்றால் செலவு முழுக்க அரசாங்கத்துடையது. வெள்ளைக் கார்டுக்குக் கிடையாது.

பத்து நாளில் சஃப்ரீன் ஒரு பக்கம் கேப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வலியே இல்லங்குதா செல்வி. டாக்டரம்மா பலூன் வேற குடுத்தாவளாம்," என்றாள் நஸீரா.

"நல்லதுக்கா," என்று சிரித்துவிட்டு உள்ளே வந்தாள் மாரிசெல்வி. விஜயலட்சுமி கிராம்பைக் கடித்துக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தாள். வெளியே சஃப்ரீன் வாயை அகலத் திறந்து சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாரிசெல்விக்கு வயிறு எரிந்தது. நஸீரா காதில் கிடந்த கம்மல், வீட்டில் புதிதாக ஓடிய ஃபேன், எல்லாமே அவள் கண்ணை உறுத்தின. இவளுக்கா இலவசம்?

அந்த வாரமே ரேஷன் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் கார்டுகளைச் சரிபார்க்க வந்தார். நஸீரா வீடு பூட்டியிருந்ததால் மாரிசெல்வியிடம் விசாரித்தார். அவள் இந்தியில் சொன்னாள்: "அவங்களுக்கு டோம்பிவிலியில் சொந்த வீடு இருக்கு."

அது நஸீரா காக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணனின் வீடு. மாரிசெல்வி அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். கிளார்க் எழுதிக்கொண்டு போனார்.

நஸீராவின் கார்டை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த பக்கத்துப் பல்லுக்குப் பாதி வேலை முடிந்திருந்தது. அத்தோடு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தற்காலிகமாக அடைத்திருந்தது பெயர்ந்து விழ, சஃப்ரீனின் கன்னம் பன்னு போல வீங்கியது. பிள்ளை அலறுவதைக் கேட்டு மாரிசெல்விதான் ஐஸ் வாங்கிக்கொண்டு முதலில் ஓடினாள்.

மறுநாள் நஸீரா அவளிடம் வந்தாள். "எவனோ தப்பா சொல்லியிருக்கான் செல்வி. அது எங்க காக்கா வீடுன்னு பக்கத்து வீட்டுக்காரவ கையெழுத்துப் போடணுமாம். நீ வாரியா?"

மாட்டேன் என்று சொல்ல முடியாமல் மாரிசெல்வி கூடவே போனாள். ரேஷன் ஆபீஸில் அவளைப் பார்த்ததும் அதே கிளார்க் நிமிர்ந்தார். "அரே, ஆப் ஹீ நே தோ போலா தா!" சொன்னதே நீங்கள்தானே என்றார், நஸீராவின் முன்னாலேயே.

நஸீரா கத்தவில்லை. "எம் பிள்ளைக்கு ஐஸ் கொண்டாந்தது நீதானே செல்வி?" என்று மட்டும் கேட்டாள்.

மாரிசெல்வி குனிந்து கையெழுத்துப் போட்டாள். தான் சொன்னது பொய் என்று எழுதியும் கொடுத்தாள். கிளார்க் திட்டியதை வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கார்டை மாற்ற என்னென்ன வேண்டும் என்றும் அவரிடமே கேட்டாள். அவள் திரும்புவதற்குள் நஸீரா தனியாகக் கிளம்பிப் போயிருந்தாள்.

சஃப்ரீனுக்கு வைத்தியம் தொடர்ந்தது. வருமானச் சான்றுக்கு அலைந்து, நாலு மாதத்தில் மாரிசெல்விக்கும் ஆரஞ்சுக் கார்டு வந்தது. விஜயலட்சுமிக்கு இரண்டு பக்கமும் கேப் போட்டார்கள். பிள்ளைகள் இருவரும் எப்போதும் போல ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நஸீரா மட்டும் பேசுவதில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கும்போது எதிர் வீட்டு சாயிராவோடுதான் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். குடத்தை வைத்துவிட்டு மாரிசெல்வி அந்த சாயிராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது அவளிடம் என்று தோன்றுகிறது. தண்ணீர் நிரம்பி வழிவதுகூட அவளுக்குத் தெரிவதில்லை.