எதிர் இலை

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் புதிதாக ஒரு ரெஸ்டாரண்ட் திறந்திருக்கிறார்கள். இரண்டு தடவை அதைக் கடந்து போய்விட்டேன். முதல் தடவை கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்ததோடு சரி. அடுத்த தடவை வாசல் பலகையில் அன்றைக்கு என்ன மீன் என்று எழுதியிருந்ததை, ஏதோ பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி இரண்டு முறை படித்துவிட்டு நடையைக் கட்டினேன். மூன்றாவது தடவை உள்ளே இருந்த பெண்ணே கதவைத் திறந்து, வாங்க சார் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஓடினால் நன்றாக இருக்காது.

பசி என்று சொல்ல முடியாது. இந்த இடத்தை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஐந்து வருடம் என் மதியச் சாப்பாடு அங்கேதான். அதனால் நுழைந்ததும் மெனுவைப் பார்க்காமல் சுவரையும் தரையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கை கழுவும் தொட்டி இருந்த மூலையில் இப்போது தொட்டிச்செடி இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை. அந்தக் காலத்தில் ஈர இலையும் வறுத்த மீனும் கலந்து ஒரு வாசனை சட்டையில் ஏறி, சாயங்காலம் வீடு வரைக்கும் கூடவே வரும். இங்கே எலுமிச்சை வாசம் அடித்தது. மோசம் என்று சொல்ல மாட்டேன்.

"ஒருத்தரா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு பேர் உட்காரும் மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டு, எதிரே வைத்திருந்த தட்டு, தம்ளர், ஸ்பூன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒழுங்கான காரியம்தான். ஆனால் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இந்த இடத்தில் எதிரே ஆள் இல்லாமல் நான் அதிகம் சாப்பிட்டதில்லை.

அப்போது நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவேன். மதியத்துக்குத் திரும்பிப் போய்வர நேரம் போதாது என்று இந்தக் கடையில் மாசச் சாப்பாடு வைத்துக்கொண்டேன். கடப்பைக்கல் போட்ட நீள மேசை. ஒரு மேசைக்கு நாலு பேர். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியது. போகப்போக தூணோரத்து இடம் எனக்கு என்று ஆகிவிட்டது. எதிர் இடம் ஒருவருக்கு என்று ஆகிவிட்டது.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, பையில் ஒரு பேனா. சாப்பிட்ட மீனின் முள்ளை எல்லாம் இலை ஓரத்தில் பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்கி வைப்பார். வந்ததும் ஒரு தலையசைப்பு, போகும்போது ஒரு தலையசைப்பு. எங்களுக்குள் இருந்த பேச்சு வெள்ளிக்கிழமைப் பேச்சும் சனிக்கிழமைப் பேச்சும்தான். அதைச் சொல்கிறேன்.

மாசச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இலைக்கு ஒரு துண்டு வறுத்த மீன் உண்டு. வேண்டாம் என்றால் போனது போனதுதான். வேறு எதுவும் தர மாட்டார்கள். அவர் வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார், சாம்பாரும் ரசமும்தான். நாங்கள் பெருமாள் வீடு. எனக்குச் சனிக்கிழமை ஆகாது. நான் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, பரிமாறுகிற ஏழுமலை மீன் தட்டோடு வந்தபோது அவர் இலைமேல் கையை விரித்து வைத்துக்கொண்டு, முகவாயால் என்னைக் காட்டி, எதிர் இலைக்கு என்றார். என் இலையில் இரண்டு துண்டு விழுந்தது. மறுநாள் நானும் அதே மாதிரி கையை விரித்து, எதிர் இலைக்கு என்றேன். அவர் "மெர்சி" என்றார். இந்த ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்களுக்கு நன்றி அப்படித்தான் வரும். நான் ஏழுமலையிடம் ரசம் கேட்டேன்.

ஐந்து வருடமும் இதே ஏற்பாடுதான். புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் மாசம் முழுக்க மீன் கிடையாது. அவருக்கு யோகம். ஆனால் முதல் புரட்டாசி வெள்ளிக்கிழமையில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை விரித்து எதிர் இலைக்கு என்று சொல்லிவிட்டோம். ஏழுமலை இரண்டு துண்டு சங்கரா மீனோடு நடுவில் நின்றுகொண்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

அவர் பேர் என்ன, எங்கே வேலை, எதுவும் எனக்குத் தெரியாது. கோர்ட்டு குமாஸ்தாவாக இருக்கும் என்று ஒரு வருடம் நினைத்தேன். முள் அடுக்கும் ஒழுங்கைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று அப்புறம் முடிவு கட்டினேன். முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் ஒன்றும் இல்லை. இருநூறு துண்டு மீன் கைமாறிய பிறகு ஒரு மனிதரிடம் போய் உங்கள் பேர் என்ன என்று எப்படிக் கேட்பது? கூச்சம். கூச்சத்துக்கு மேலே கொஞ்சம் சோம்பல்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. அடுத்த வாரமும் எதிரே யார் யாரோ உட்கார்ந்தார்கள். மாற்றலாகிப் போயிருப்பார் என்று நினைத்தேன். செத்துப் போயிருப்பாரோ என்றும் நினைத்தேன். ஏழுமலையிடம் கேட்க வாயெடுத்து, பேர் தெரியாமல் யாரென்று கேட்பது என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் எனக்கு ஊருக்கு வெளியே காலாப்பட்டில் வேறு வேலை கிடைத்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமல் போன மனிதர் என்று அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் ஒரு வருத்தம் இருந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மீன் வந்துவிட்டது. பீங்கான் தட்டில், முள் எடுத்து, மேலே ஏதோ பச்சையாகத் தூவி. ருசி நன்றாகவே இருந்தது, வஞ்சனை இல்லாமல் சொல்கிறேன். ஓரத்தில் அடுக்கி வைக்கத்தான் ஒன்றும் இல்லை. இங்கே முன்னால் இருந்த கடையைத் தெரியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பின்னாடி மீன் அறுக்கறவரு அங்க இருந்தவருதான் சார். வரச் சொல்லவா?" என்றாள்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தது ஏழுமலைதான். தலையில் முடி போய்விட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் மண்டையிலும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் என் முகத்தைவிட, நான் இலைமேல் கை வைப்பது போலத் தட்டின்மேல் கையை வைத்திருந்ததைத்தான் அவன் பார்த்தான் என்று நினைக்கிறேன். "எதிர் எல சாரு" என்றான்.

அவர் திடீரென்று காணாமல் போனாரே, என்ன ஆனார் என்று கேட்டேன்.

"அவரு எங்க சார் போனாரு? கண்ணு ஆபரேசன். மூணு வாரம் கழிச்சு வந்துட்டாரு. நீங்கதான் வரல."

பிறகு ஏழுமலை நின்றபடியே சொன்னான். திரும்பி வந்த அன்றைக்கே அவர் என்னைக் கேட்டிருக்கிறார். தினமும் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எதிரே வேறு ஆள் உட்கார்ந்திருந்தாலும் எதிர் இலைக்கு என்று சொல்ல மாட்டாராம். மீனை உள்ளே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

"அந்தப் பையனுக்கு வெரல்ல கார்பன் கறை இருக்கும், டைப் அடிக்கிற வேலையாத்தான் இருக்கும்னு சொல்லி, இங்க சுத்துப்பட்டுல இருக்கற வக்கீல் வீடெல்லாம் ஏறி எறங்கிட்டாரு சார். பேரென்னன்னு கேப்பாங்க. அவருக்குச் சொல்லத் தெரியல."

ஒரு வருடம் போல வந்துகொண்டிருந்தாராம். அப்புறம் நின்றுவிட்டார். எங்கே வீடு, என்ன ஆனார் என்று ஏழுமலைக்கும் தெரியாது. அவர் பேர் என்ன என்று கடைசியாகக் கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"எனக்கும் தெரியாது சார். அவரும் எங்கிட்ட உங்க பேரக் கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டான். "இப்ப சொல்லுங்க சார், உங்க பேரு என்ன?"

சொன்னேன். இந்த ஊரில் அதைக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் மட்டும் இனிமேல் சொல்ல முடியாது.