யாரும் தூங்காத ஓர் இடம்

பெண்கள் கூடித் தைக்க, பின்ன, பேச ஓர் இடம் தேடி நேற்று ஷார்ஜா தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். பக்கத்து கராஜில் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில், இருபது வருடத்துக்கு முந்தைய எங்கள் அபுதாபி ருவைஸ் வீட்டின் அமைதிதான் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு ரிஃபைனரியில் நைட் டியூட்டி. பகலெல்லாம் உள்ளறையில் தூங்குவார். நான் பள்ளிவிட்டு வரும்போது ஹாலில் அம்மாவும் நான்கு ஆன்ட்டிகளும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். தையல் மெஷினைத் தொட முடியாது. கிளாஸில் ஸ்பூன் படாமல் அம்மா டீ கலக்குவாள். சிரிப்பு வந்தால் தைக்கும் துணியாலேயே வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் மேரி ஆன்ட்டியால் அடக்க முடியவில்லை. கதவு திறந்தது. கண்ணைக் கசக்கியபடி அப்பா நின்றார்.

"என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

எல்லோரும் குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சிரித்ததே அவர் குறட்டைக்குத்தான்.

அவர் திரும்பிப் போய்ப் படுத்ததும் அம்மா கிசுகிசுத்தாள்: "நமக்குன்னு ஒரு ரூம் வேணும் மேரி. யாருமே தூங்காத ரூமு."

"சத்தம் ஜாஸ்திங்க மேடம், வேற இடம் காட்டட்டுமா?" என்றார், நேற்று எனக்கு அந்த இடத்தைக் காட்டிய கோயம்புத்தூர்க்கார ஏஜெண்ட்.

"அட்வான்ஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். அந்தத் தகரச் சத்தத்தில், கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.