மோட்டார் மூடியில் ஆவாரங்கண்மாய்

ராஜபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சேக் முகைதீனுக்கு மூக்கு நுனியில் கோபம். கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் முதலில் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், வேலையெல்லாம் அதற்கப்புறம்தான். மோட்டார் தானாகக் கருகாது, ஓட்டுகிறவன்தான் கருக்குகிறான் என்பது அவர் கட்சி. அதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒயர்கள் சேரும் பெட்டியின் மூடிக்கு உட்புறம், மாதத்தையும் இடத்தையும் கருகிய காரணத்தையும் சிவப்பு பெயின்டால் எழுதிவிடுவார். அதே மோட்டார் திரும்பி வந்தால் எவனும் பொய் சொல்லித் தப்ப முடியாது.

மற்றவர்கள் பொய்யைப் பிடிப்பதில் இத்தனை கெட்டிக்காரர், தன் மனை விஷயத்தில் கோட்டை விட்டார். சோழபுரம் போகும் வழியில் மூன்றரை சென்ட் வாங்கினார். பார்க்கப் போனது சித்திரை மாதம். செம்மண் கொட்டி, வெள்ளைக்கல் நட்டு, பாதை போட்டு இடம் பளிச்சென்று இருந்தது. பட்டாவும் சரியாக இருந்தது. சித்திரையில் எந்தக் கண்மாயும் மைதானம் மாதிரிதான் இருக்கும் என்பது அன்றைக்கு அவர் புத்திக்கு எட்டவில்லை.

வீடு கட்ட அனுமதி கேட்டுப் போட்ட வரைபடம் திரும்பி வந்துவிட்டது. பட்டா இருந்தாலும் மனை ஆவாரங்கண்மாயின் உள்வாயில் இருக்கிறதாம். கண்மாய் நிறைந்தால் கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற இடம் அது. நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய், அந்த அலுவலக வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தியதிலும் நியாயம் இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஏழு வாடகை வீடு. இப்போது இருக்கும் வீட்டையும் தைக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று. மனைவி அசீனா காலண்டர் தாளின் பின்பக்கம் அடுப்படி எங்கே, ஜன்னல் எங்கே என்று கோடு போட்டுக் கதவில் ஒட்டியிருந்தாள்.

மனை விற்றவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தார்.

"பாய், புதன்கிழமை ஆபீஸ்ல இருந்து எடத்த நேர்ல பாக்க வாராங்க. பதினஞ்சு வருசமா இங்க தண்ணியே நின்னதில்லன்னு மனை வாங்குன எல்லாரும் எழுதிக் குடுத்தா சான்று வந்துரும். முப்பது பேரு போட்டாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"வச்சுட்டுப் போங்க. போட்டுத் தாரேன்" என்றார் சேக் முகைதீன். போடத்தான் நினைத்திருந்தார்.

மறுநாள் பால்பாண்டி ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினான். அதே கண்மாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் நெல் போடுகிறவன். வழக்கம்போல அவனை ஏசிக்கொண்டே மூடியைக் கழற்றித் திருப்பினார் சேக் முகைதீன். அவருடைய கையெழுத்தே அவரைப் பார்த்தது. '12/2019. ஆவாரங்கண்மாய். நத்தை அடைத்து, தண்ணீர் ஏறாமல் வெறும் ஓட்டம்.'

"ஏலே, இது என்னலே?"

"மறந்துட்டீகளா பாய்? உங்களுக்கு மனை வித்தவரு அப்ப மோட்டார வாடகைக்குக் கேட்டாருல்ல. மூணு மோட்டாரப் போட்டு ராப்பகலா இறைச்சாவ. என் மோட்டாருல நத்தை அடைச்சு நின்னுபோச்சு. வாளி நெறைய நத்தைய அள்ளிக் கொட்டிட்டு, நீங்கதானே என்னை அம்புட்டு ஏசுனீக?"

"எதுக்கு இறைச்சாவ?"

"அப்ப மீன் பிடிக்கன்னாவ. பொறவு லாரில மண்ணு வந்துச்சு. அதுலேர்ந்து என் வயலுக்கு மடைத்தண்ணி கிடையாது. கெணத்துல கெடக்குற ஒரு முழத் தண்ணிய இறைச்சுத்தான் மோட்டாரும் கருகுது."

சேக் முகைதீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிறைந்து கிடந்த கண்மாயை வற்ற அடித்து, மண்ணைப் போட்டு மூடி, அதையே கல் நட்டு விற்றவன், தண்ணீரே நின்றதில்லை என்று கையெழுத்து வேறு கேட்கிறான். அதுவும் யாரிடம்? நத்தையை அள்ளிக் கொட்டியவரிடம்!

வீட்டில் சொன்னார். அசீனா கொதித்துப்போனாள்.

"ஊருல இல்லாத பழக்கமா மூடியில எழுதி வச்சது யாரு? அதை அழிச்சுட்டுப் புதுசா எழுதுங்க. முப்பது பேரு போட்ட கையெழுத்து, நீங்க போட்டா மட்டும் கை அழுகிருமா? எட்டாவது வீட்டுக்கு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

சேக் முகைதீன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

புதன்கிழமை மனைக்கு வந்த நீர்வளத்துறைப் பொறியாளர் நாராயணி ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். தண்ணீரா, இங்கேயா என்று எல்லோரும் ஒரே குரலில் சாதித்தார்கள். சேக் முகைதீன் முறை வந்தது. கையெழுத்துப் போடாத தாளையும் மூடியையும் சேர்த்து நீட்டினார். பால்பாண்டியும் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னான்.

அங்கே நின்ற மனை விற்றவருக்கு முகம் கறுத்தது. "பாய், உங்க மனையும் சேந்துதான் போகும். யோசிச்சுப் பேசுங்க."

"போகட்டும்யா! கண்மாய இறைச்சுக் குடிச்சுட்டு, எங்க கண்ணுல மண்ணத் தூவி எங்களுக்கே வித்திருக்கீரு. அதுக்கு எங்க கையாலயே பொய் எழுதச் சொல்றீரு. வெக்கமா இல்ல?"

கூட்டத்தில் நாலைந்து பேர் அவரைத்தான் முறைத்தார்கள். நாராயணி மூடியைப் படம் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஐயா, அப்போ நத்தை அடைச்சு நின்ன மோட்டாரைத் திரும்ப ஓட வச்சது யாரு?"

அவசரம் என்று ஆள்மேல் ஆள் வந்து நின்றதும், வேறு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே நாளில் காயில் கட்டிக் கொடுத்தது சேக் முகைதீனுக்கு நினைவுக்கு வந்தது. கண்மாயை எதற்கு இறைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுகிறவனையெல்லாம் வருஷக்கணக்காக ஏசிய வாய் அது.

"நான்தான் மேடம்" என்றார். "அதையும் எழுதிக்கோங்க."

நாராயணி எழுதிய தாளில் தன் பெயரையும் மனை எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கதவில் ஒட்டியிருந்த காலண்டர் தாளைக் காணவில்லை. அசீனா பாத்திரங்களைப் பழைய சேலையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"போட்டீகளா?"

"பொய்த்தாள்ல போடல."

"அது தெரியும். அங்க கொட்டுன மண்ண அள்ளுவாங்களா?"

"அள்ளாம விட்டுருவேனா? தெனம் பஸ் ஏறிப் போயி அந்த வாசல்ல நின்னு கத்துவேன்."

"கத்துங்க. எனக்கு அடுப்படிதான் இல்லைன்னு ஆச்சு, அந்தக் கண்மாயாவது நெறையட்டும்" என்றாள் அசீனா. அப்போதும் கோபம் தீரவில்லை. "இப்ப இந்த மூட்டைய இறுக்கிக் கட்டுங்க. எனக்குக் கை வலிக்குது."

சேக் முகைதீன் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்.