செத்தவீடென்று நினைத்துக் கொண்டுபோன இடியப்பம்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசி மாதம். ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அஜின்கோர்ட்டில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் அப்போதுதான் குடிபுகுந்திருந்தோம். எனக்கு மார்க்கம் நகரில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வந்து ஒன்பது மணிக்குப் படுத்தால் பின்னேரம் நாலு மணி வரையாவது கண்ணயர வேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்கு முன்னால் நின்றபடியே தலை சரியும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது களைப்புத்தான், பிள்ளைகளே.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளால் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. மெல்லத் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் நடுங்கி நின்று, பிறகு விழுந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. தலையணையால் காதைப் பொத்தினேன். அப்படியும் கேட்டது. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தார்.

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டில ஆரோ மோசம் போயிட்டினம் போல. அந்த மனுசி ஒப்பாரி வைச்சு அழுகுது."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. படுத்து ரெண்டு மணித்தியாலம் கூட ஆகேல்லையப்பா."

"அதுக்கு? அயலில செத்தவீடு. நீங்கள் குறட்டை விடப் போறியளோ?"

எங்கள் ஆட்கள் அழுகைச் சத்தம் கேட்டால் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் சாப்பாடு கொண்டுபோவது அயலவர் பொறுப்பு. மனைவி அவசரமாக இடியப்பம் அவித்துச் சொதியும் வைத்தார். அதுவரை குரல் ஓயவேயில்லை. நான் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கண் எரிய எரியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. சிவப்புக் கம்பளிச் சட்டை, உதட்டில் சாயம், கையில் இசை எழுதிய தாள்கள். இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில், "யார் செத்தது? நீங்கள் அழுவது எங்கள் வீட்டுக்குக் கேட்டது" என்றேன்.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரும் சாகவில்லை, நான் பாடினேன் என்றார். பாத்திரத்தை வாங்கி நன்றி சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அடுத்த நாள் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் நன்றாக நித்திரை கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது சந்தோசமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள், ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல் என்னை எழுப்பினாள். மாடி ஏறும் லிஃப்டில் அந்த அம்மாவைக் கண்டிருக்கிறாள்.

"அப்பா, அவ ஒபேரா சிங்கர்! ஃபிஃப்டீஸில யூரோப் முழுக்கப் பாடினவ. இனிப் பாடமாட்டாவாம். அழுகிற மாதிரிக் கேட்டது எண்டு நீங்கள் சொன்னது சரி எண்டு சொல்லுறா."

அவருடைய கணவர் வயலின் வாசித்தவராம். அவர் இறந்த நாளுக்கு ஒவ்வொரு வருசமும் தேவாலயத்தில் இந்த அம்மா ஒரு பாட்டுப் பாடுவாராம். வருகிற ஞாயிறு அந்த நாள். இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு எங்கே நித்திரை? பிழையைத் திருத்த என் ஆங்கிலம் போதாது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள், வயலின்காரர்கள், இசைக்குழு நடத்துபவர்கள். எல்லோர் பக்கத்திலும் நீளச் சட்டையோடு இளம் பெண்ணாக இந்த அம்மா. மகள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். எங்கள் கச்சேரி மாதிரி ஒபேராவில் மைக் கிடையாதாம். அறுபது எழுபது பேர் வாத்தியம் வாசிக்க, அதற்கு மேலால் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையாலேயே கேட்கச் செய்ய வேண்டுமாம். படங்களில் இருந்த பலர் இப்போது இல்லை.

"இவையெல்லாம் செத்துப் போட்டினமாம் அப்பா. குரல் செத்தவீடு மாதிரிக் கேட்டால் தானும் நிப்பாட்டத்தான் வேணுமாம்."

நான் தமிழில் சொன்னேன்: "பிள்ளை, வடிவாச் சொல்லு. எங்கட ஆக்களில ஒப்பாரி எல்லாராலயும் ஏலாது. அதுக்கொரு குரல் வேணும். அந்தக் குரலைக் கேட்டால் படுத்திருக்க ஏலாது. இரவு முழுக்க நிண்டு வேலை செய்த நான், தலையணையால காதைப் பொத்திப்போட்டும் எழும்பி வந்தனான் எண்டு சொல்லு."

மகள் சொல்லி முடித்தாள். அந்த அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தலையணை வைச்சுமோ கேட்டது எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு. ரெண்டு தலையணை."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கு எண்டு சொல்லுறா அப்பா" என்று மகளும் சிரித்தாள்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குக் குரல் மறுபடி எழுந்தது. முதல் ஏற்றத்திலேயே உடைந்தது. ஐந்து நாள் ஓய்வு அந்த வயதில் அவ்வளவு செய்துவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தேன். திரும்பத் திரும்பப் பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். மனைவியும் மகளும்தான் தேவாலயத்துக்குப் போனார்கள். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றுவிட்டதாம். அவர் அவசரப்படாமல் மூச்செடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தாராம். நான் அதைக் கேட்கவில்லை.

அழுகை என்று நினைத்து எழும்பிப் போனதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் நாற்பது வருசத்துக்கு மேலாகக் காத்துவந்த ஒரு குரலை நிறுத்த, என்ன ஏதென்று கேட்காமல் வாசலில் நின்று நான் சொன்ன ஒரு வசனமே போதுமாயிருந்தது என்பது, இத்தனை காலத்துக்குப் பிறகும் மனதை உறுத்துகிறது.