வாங்கியதற்கு ஒரு கையெழுத்து

14.3.2024 — ரூ. 2,000
15.3.2024 — ரூ. 3,150
16.3.2024 — ரூ. 5,150
16.3.2024 — ரூ. 5,150
16.3.2024 — ரூ. 11,500

மொத்தம் ரூ. 26,950. அத்தனையும் கன்னியம்மாவின் பணம். அவள் கணக்கில் மிச்சம் நின்றது ஐம்பது ரூபாய்.

ஆரணியில் தறி வைத்திருக்கும் பலருக்குக் கன்னியம்மாவைத் தெரியும். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் மிஞ்சியிருக்கும் பழைய இழை முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு வீடு வீடாகப் போகிறவள். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. சேவூரிலிருந்தோ தேவிகாபுரத்திலிருந்தோ கூப்பிட்டால் பஸ் ஏறிப் போய், நிறுத்தத்திலிருந்து முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பாள். நாற்பது வயதுக்குப் பிறகு அது முடியவில்லை. வெளியூர் வேலைகளை விட்டாள். கூலி பாதியானது. பக்கச் சக்கரம் வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினால் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று நான்கு வருஷம் சேர்த்தாள்.

மகள் அமலா போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பக்கச் சக்கர ஸ்கூட்டர், இருபத்து நான்காயிரம். பணம் அனுப்பும் செயலியையும் அவள்தான் அன்று ஏற்றிக் கொடுத்தாள். பழகிப் பார்க்க அம்மாவை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

விற்பவன் தமிழில் பேசினான். தான் கண்ணமங்கலம் பக்கம் என்றான். பட்டாளத்தில் வேலை, அசாமுக்கு மாற்றல், அதனால் வண்டியை வந்த விலைக்குத் தருகிறேன் என்றான். ராணுவ அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். எந்தச் சிப்பாயிடம் திருடிய அட்டையோ. கண்ணமங்கலத்துப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் எத்தனை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மரியாதையைத்தான் அந்த அயோக்கியன் முதலில் கையில் எடுத்தான்.

முன்பணம் இரண்டாயிரம். மறுநாள் பார்சல் செலவு மூவாயிரத்து நூற்றைம்பது. அதற்கு அடுத்த நாள் இன்சூரன்ஸ் என்று இன்னும் ஆறாயிரம் கேட்டான். கன்னியம்மா அங்கே நிறுத்தினாள். இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அவள் நிறுத்தினாள். "வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம், எம் பணத்தக் குடுத்துடு" என்றாள். சந்தேகம் வந்தால் விலகு என்று நாம் புத்தி சொல்கிறோமே, அதைத்தான் செய்தாள். விலகிய இடத்தில் வைத்துத்தான் அவன் பெரிய தொகையை எடுத்தான்.

"தரேம்மா. ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பறேன். ஸ்கேன் பண்ணி, அமௌண்ட் போட்டு, பின் நம்பர் போடுங்க."

"நீ குடுக்கறதுக்கு நான் எதுக்குப்பா பின் போடணும்?"

"கூலி வாங்கினா கையெழுத்து போட மாட்டீங்களாம்மா? வாங்கினேன்னு ஒரு அத்தாட்சி. அதான் இது."

அவள் போட்டாள். வேறு என்ன செய்வாள்? நான் நெசவாளர் சங்கம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன். சங்கத்துத் தறிகளில் செய்த வேலைக்குக் கன்னியம்மா கூலி வாங்கிய ஒவ்வொரு தடவையும் என் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாங்கியிருக்கிறாள். பணம் வாங்குகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு. எனக்கும் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

அதுவரை கொடுத்த ஐயாயிரத்து நூற்றைம்பது திரும்பி வருவதற்குப் பதிலாக, இன்னொரு ஐயாயிரத்து நூற்றைம்பது போனது. "சர்வர் மாட்டிகிச்சும்மா, இன்னொரு வாட்டி" என்றான். அதுவும் போனது. "இப்ப உங்க கணக்குல எவ்ளோ கீது?" என்று கேட்டான். பதினோராயிரத்து ஐந்நூற்றைம்பது என்றாள். ஐம்பதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் போட்டால் எல்லாம் சேர்ந்து திரும்பும் என்றான். அந்த ஐம்பது ரூபாயை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். "நயினாருங்களே, நான் கையெழுத்து போடப் போடப் பணம் போய்கினே இருந்துச்சு" என்றாள். உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்தோம். ஒவ்வொரு தொகைக்கும் உரிய நீண்ட எண்ணை நான் வாசிக்க, எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். கடைசியாகப் போன பதினோராயிரத்து ஐந்நூறு மட்டும் எவனோ ஒருவன் கணக்கில் கிடந்தது. அதை நிறுத்தி வைத்தார்கள். மற்றதை அதற்குள் அந்த மோசடிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். காலையிலேயே கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வெட்கத்தில் அவள் பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவளோடு வங்கிக்குப் போனேன். அதிகாரி இளைஞர்.

"பின் நீங்களே போட்டிருக்கீங்க. கழுத்துல கத்தியா வெச்சாங்க?"

"வாங்கறதுக்குன்னு சொன்னான் சார்."

"பணம் வர்றதுக்கு யாராவது பின் போடுவாங்களாம்மா? சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்." சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காசாளர் ஒரு கிழவரைப் பார்த்துக் கத்தினார்: "பெரியவரே, சீட்டுக்குப் பின்பக்கமும் கையெழுத்து போடுங்க! வாங்கறவங்க போட்டாத்தான் பணம்."

"கேட்டீங்களா?" என்றேன் அதிகாரியிடம்.

"அது வேற சார், இது வேற."

"அந்த வேறய இவங்களுக்கு எப்பங்க சொன்னீங்க?"

"வாசல்ல போஸ்டர் ஒட்டியிருக்கோமே."

எழுந்து போய்ப் பார்த்தேன். முக்கால் பாகம் ஆங்கிலம். கீழே தமிழில் 'விழிப்புடன் இருங்கள்' என்று ஒரே வரி. எதற்கு விழித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பணம் வர பின் வேண்டாம். பணம் போகத்தான் பின். இதை எழுத எவ்வளவு மை செலவாகும்? பார்க்காத பொருளுக்கு முன்பணம் கொடுக்காதே, வண்டியை நேரில் போய் ஓட்டிப் பார், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆளே எதிரில் நிற்கிறாரா என்று பார், அப்புறம் பணம் கொடு. இதை எழுத எத்தனை அதிகாரிகள் கூடிப் பேச வேண்டும்? ஜூன் மாதம் வங்கியிலிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளரே பின் இட்டதால் பொறுப்பேற்க இயலாது. அதுவும் ஆங்கிலத்தில்.

தெருவில் பேச்சு நிற்கவில்லை. "இன்னா கன்னிம்மா, மிலிட்டரி வண்டி வந்துச்சா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பூங்காவனம் கேட்டாள்.

"வந்துகினே கீது. பின்னாடி சீட்டு உனக்குத்தான், புடவைய மாத்திகினு ரெடியா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. கன்னியம்மாவும் வீட்டுக்குள் போன பிறகு சிரிக்கவில்லை என்று, அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அமலா சொன்னாள்.

அந்த ஜூலையில் நிஜமாகவே கண்ணமங்கலத்தில் ஒரு பக்கச் சக்கர ஸ்கூட்டர் விலைக்கு வந்தது. ராஜம்மாள் என்பவருடையது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், ஓட்ட ஆளில்லை. விலை இருபத்திரண்டாயிரம். கன்னியம்மா நேரில் போனாள். தெருக்கோடி வரை தானே ஓட்டிவிட்டு வந்தாள். திரும்பும்போது காலைத் தரையில் ஊன்றவே இல்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். ராஜம்மாள் முன்பணம்கூடக் கேட்கவில்லை. ஆடி முடியும் வரை காத்திருப்பதாகச் சொன்னார். சொன்னபடி காத்திருந்தார். பாதி விலைக்குக் கடன் வாங்கிவிடலாம், ஆனால் மற்றப் பாதிக்கான, நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். மனு, நகல், மறுபடி நகல். ஆடி முடிந்தது. வண்டியைக் கலசப்பாக்கத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

கடைசிக் கடிதத்தைக் கன்னியம்மா பிரிக்காமலே என்னிடம் எடுத்து வந்தாள். வாசித்துச் சொன்னேன். நீதிமன்ற உத்தரவுப்படி ரூ. 11,500 விடுவிக்கப்படுகிறது. மற்றத் தொகைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வங்கிக்கு நேரில் வந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட வேண்டும்.

"கையெழுத்தா?" என்றாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாட்டி போட்டா வருமா, போவுமாங்க நயினாரே?"

வரும் என்றேன். அவள் நம்பவில்லை. நான் கூட வந்தால்தான் போடுவதாகச் சொன்னாள்.

கடிதம் வந்த நாள்: 14.2.2025, வெள்ளிக்கிழமை.