ஒரு வரி தப்பு
அப்பா அனுப்பிய காகித நாடாச் சுருளைப் பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

என் சிறுவயதில், கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அவர் சட்டையிலும் இதே வாடைதான். ஆபீஸ் மினிகம்ப்யூட்டருக்கு, நாடாவில் ஓட்டை போட்டுத்தான் புரோகிராம் எழுதுவார். ஒரு ஓட்டை தப்பாக விழுந்தாலும் மொத்தத்தையும் கிழித்துப் போடுவார். என் கணக்கு நோட்டுக்கும் அதே சட்டம். கடற்காற்றில் பறக்கும் தாள்களைப் பொறுக்கக்கூட விடமாட்டார். "அழுவாத. மறுபடி எழுது."

அந்த ரக மெஷின்களை இன்னும் சிலர் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காக புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் இன்றைய கம்பைலரைப் பராமரிப்பவள் நான். இந்த வயதில், மாதக்கணக்கில் உட்கார்ந்து, அப்பா அதற்கொரு திருத்தம் எழுதியிருந்தார். அதை நான் ஓட்டிச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த நாடா.

போனில் கேட்டார். "இன்னாம்மா, ஓடுதா?"

அவர் எழுதியதில் ஒரே ஒரு வரி தப்பு. நானே சரிசெய்திருக்கலாம்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டேன்பா. மறுபடி எழுதுங்க."